திருமேனி வழக்கும் மூவகைச் சான்றும்

வழக்கொன்றைத் தெளிந்து முடித்தற்கு வேண்டுஞ் சான்றுகள் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என மூன்றென்பது தமிழ்நாட்டுத் தொன்மரபு. இம்மரபினைச் சேக்கிழார் பெருமான் தடுத்தாட்கொண்ட புராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் வாயில் வைத்து விளக்கியருளினார். நம்பியாரூரர் தமக்கு அடிமையென்று வழக்கிட்டு வந்த முதியவர் அம்மூன்றனுள் ஒன்று காட்டுமாறு பணிக்கப்பட்டார். புத்தூர்த் திருமணப் பந்தரிற் கிழித்தெறியப்பட்டது படியோலையே என்றும், மூலவோலை தம்பால் உளதென்றும் அவர் கூறினார். அவ்வோலை அவையிற் படிக்கப்பட்டது. நம்பியின் பாட்டனார் கையெழுத்து, காப்பிலிருந்த வேறோர் ஓலையொடு வைத்து ஒப்புநோக்கப்பட்டது. இரண்டும் ஒத்தமை கண்ட பின்னரே அவையத்தார் நம்பி தோற்றாரெனத் தீர்ப்புரைத்தனர். வழக்கிட்டவர் யாவரென்பது அவர்க்குத் தெரியாது; வந்தவர் முதுமையோ, எதிர்நின்றவர் பெருமையோ நோக்காது சான்றொன்றே நோக்கித் தீர்த்தனர். திருவருட்டுறையினுள் முதியவர் புக்கு மறைந்த பின்னரே, வாதியாய் நின்றவர் சிவபெருமானென்பது விளங்கிற்று.

அவ்வழக்கில் இறைவன் அடியவரைத் தன் உடைமையென்று நாட்டுதற்குத் தானே எழுந்தருளினான். அதனோடு ஒருவாற்றான் ஒத்தும் பிறிதோராற்றான் வேறுபட்டும் அமைந்த வழக்கொன்று இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் மாநகர நீதிமன்றத்தே நிகழ்ந்தது. ஆங்கு உடைமையென வழக்கிடப்பட்டது கூத்தப்பெருமான் திருமேனி. வாதியர் வரிசையில் ஒரு கோயிலும், அக்கோயிற் சிவலிங்கமும் நின்றன. சைவ நன்மக்கள் அறிந்து சிந்திக்கற்பால செய்திகள் இவ்வழக்கில் உளவாதலின், அதன் வரலாறும் அதனாற் போதரும் பொருளும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

அந்நாளைத் தஞ்சை மாவட்டத்துப் பத்தூர் என்பது சிற்றூர். அங்குச் சோழர் காலத்து எழுந்த விசுவநாத சுவாமி கோயில் நாளடைவிற் பூசையொழிந்து பாழாயிற்று. 1976ஆம் ஆண்டு அவ்வூர்ப் பக்கத்துக் கூலித் தொழிலாளி ஒருவர் அக்கோயில் இருந்த இடத்தில் மண் வெட்டும்போது செப்புத்திருமேனிகள் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்றாகிய நடராசர் திருமேனி மறைவாக விற்கப்பட்டது. கைமாறிக் கைமாறிக் கடல் கடந்தது. 1982ஆம் ஆண்டு இலண்டனில் வணிகர் ஒருவர் கனடா நாட்டுப் பம்ப்பர் டெவலப்மெண்ட் கார்ப்பரேஷன் என்னுங் கழகத்தார்க்கு அதனை விற்றார். கொண்டவர்கள் அதனைச் செப்பஞ் செய்தற்கும் ஆராய்தற்கும் பிரித்தானிய அருங்காட்சியகத்திற்கு விடுத்தனர். அங்கிருந்தபோது இலண்டன் காவற்றுறையினர் அதனைக் கைப்பற்றினர். தம்பொருளைத் தமக்கே தருகவென்று கழகத்தார் காவற்றுறை ஆணையர்மேல் வழக்குத் தொடுத்தனர். அது பத்தூர்த் திருமேனியேயென்று இந்திய நடுவணரசும், தமிழ்நாட்டரசும், கோயிலின் தக்காராக அமர்த்தப்பட்டவரும், கோயிலும் உரிமை கோரி வழக்கினுட் புகுந்தனர். பின்னர்ச் சிவலிங்கமும் உரிமை கோருவோருள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

இவ்வழக்கிற்கு முன்னரே சிவபுரத்து நடராசர் திருமேனி பற்றிய பூசலொன்று எழுந்ததுண்டு. செப்பஞ் செய்தற்கென 1954இல் வெளிப்போந்த அத்திருமேனிக்கு மாற்றாகப் போலி யொன்று கோயிலில் வைக்கப்பட்டது. மெய்த்திருமேனி அமெரிக்க நாட்டு நார்ட்டன் சைமன் அறநிலையத்தார் கையிற் சேர்ந்தது. அவ்வழக்கு 1976இல் இருதிறத்தார் உடன்பாட்டான் முடிந்தது. பத்தாண்டு அவர்பால் இருந்து பின்னர்த் திருமேனி திரும்புக என்பது அவ்வுடன்பாடு. உடன்பாட்டான் முடிந்தமையின், உரியவர் யாவரென்னும் வினா ஆங்குத் தீர்க்கப்படாது நின்றது. பத்தூர் வழக்கோ இறுதிவரை வாதிக்கப்பட்டது. அதன் சிறப்பும் அதுவே.

நீதிபதி அயன் கென்னடி முன்னர் வழக்கு விசாரணைக்கு வந்தது. தீர்க்கவேண்டிய வினாக்கள் இரண்டு. இலண்டனிலுள்ள திருமேனியும் பத்தூரில் வெளிப்பட்ட திருமேனியும் ஒன்றோ வேறோ என்பது முதலாவது. ஒன்றேயாயின், அதனைக் கேட்டுப் பெறும் உரிமை யாருக்கு என்பது இரண்டாவது.

முதல் வினாவினை மூவகைச் சான்றுகளொடு பொருத்திக் காண்க. ஆட்சி கனடாக் கழகத்தார் பக்கமே இருந்தது. அவர் நல்லெண்ணத்தோடு விலைகொடுத்து வாங்கியவர். ஆவணமும் அவர் கையில் இருந்தது. ஆயின் விற்ற வணிகர் காட்டிய வரலாற்றாவணம் பொய்யென்பது வெளிப்பட்டது. கோயிலின் பக்கமோ ஆட்சியும் இல்லை, ஆவணமும் இல்லை. பூசை ஒழிந்த கோயில் திருமேனிக்குப் பட்டோலை எழுதி வைத்தவர் யார்? ஆகவே வழக்கு முழுதும் அயலார் காட்சியென்னும் ஒன்றன்மேல் வந்து நின்றது.

அக்காட்சி பலவகைப்பட்டது. திருமேனி கைமாறிய நெறியினை உரைத்தற்கு மாந்தர் சிலர் சான்று கூறினர். அவர் கூற்று மட்டும் போதாதாகலின், உயிரில்லாப் பொருள்களும் சான்றாக அழைக்கப்பட்டன. திருமேனியிற் படிந்திருந்த மண் ஆராயப்பட்டது. செம்பின் கலப்பும் அதனைப் பற்றிய களிம்பும் ஆராயப்பட்டன. மண்ணுட் கிடந்த காலத்துக் கறையான் இட்ட தடங்களும் ஆராய்ச்சிக்குத் தப்பவில்லை. இவற்றின்மேலாக, பத்தூரிற் கிடைத்த ஏனைத் திருமேனிகளொடு இலண்டன் திருமேனியின் உறுப்பமைதியும் அணியமைதியும் ஒப்பிடப்பட்டன. தமிழ்நாட்டுத் தொல்லியற்றுறை இயக்குநராய் விளங்கிய இரா. நாகசாமி அவர்கள் இவையெல்லாம் ஒரு குடும்பத்தன என்று சான்று பகர்ந்தார். எதிர்த்திறத்து அறிஞர் ஒவ்வாமைகளை எடுத்துக்காட்டி மறுத்தனர். இருதிறத்தார் வாதமும் கேட்ட நீதிபதி நாகசாமியாரின் புலமையைப் பாராட்டி, இரண்டு திருமேனியும் ஒன்றேயெனத் துணிந்தார். வெண்ணெய்நல்லூரில் ஓலையெழுத்தோடு ஓலையெழுத்து ஒப்புநோக்கப்பட்டது. இலண்டனிற் சிற்பியின் கைத்திறத்தொடு கைத்திறம் ஒப்புநோக்கப்பட்டது. இரண்டிடத்தும் முறை ஒன்றே.

இரண்டாம் வினா இதனினும் அரிது. நீதிமன்றத்தில் வழக்கிடுபவன் ஆளாதல் வேண்டும். கல்லும் மண்ணுமாய்க் கிடக்கும் பாழ்க்கோயில் ஆளாதல் யாங்ஙனம்? ஆங்கிலச் சட்டம் உயிருள்ள மாந்தரையன்றி வேறு சிலவற்றையும் ஆளெனக் கொள்வதுண்டு. வணிகக் கழகம் ஓர் ஆள். அரசன் மாயினும் மாயாத முடி ஓர் ஆள். பேராயர் பதவி ஓர் ஆள். ஆயின் கட்டடமொன்றையோ படிமமொன்றையோ ஆளாகக் கொள்ளும் வழக்கம் அந்நாட்டில் இல்லை.

இந்திய நாட்டில் இது புதிதன்று. கடவுட் படிமத்தைச் சட்டமுறை ஆளாகக் கொள்ளுங் கொள்கையினை இலண்டனிலேயே இருந்த பிரிவி கௌன்சில் நெடுங்காலம் வளர்த்து வந்தது. கோயிற்பொருளை மேற்பார்ப்பவர்க்குள்ள அதிகாரம், பருவம் எய்தாத உரிமையாளனுக்காக அவன் பொருளைக் காப்பவர்க்குள்ள அதிகாரம் போல்வதென்று 1875இல் அம்மன்றம் உரைத்தது. 1921இல் தீர்க்கப்பட்ட வித்தியா வாருதி தீர்த்தர் வழக்கில், மடாதிபதியும் கோயிற்காப்பாளரும் ஆங்கிலச் சட்டத்தார் கூறும் பொருட்பொறுப்பாளர் அல்லரென்றும், பொருள் தெய்வத்தினிடத்தோ நிறுவனத்தினிடத்தோ நிற்பதென்றும் அமீர் அலி விளக்கினார். 1925இல் கல்கத்தா மல்லிக் குடும்பத்தார் வழக்கு அம்மன்றத்திற்கு வந்தது. முறைப்படி பூசைசெய்யும் உரிமையுடையார் ஒருவர் தம் முறைவருங்காலத்துத் தெய்வப் படிமத்தைத் தம் இல்லத்திற்குக் கொண்டு செல்லலாமோ என்பதே ஆங்கு எழுந்த வினா. படிமம் வேண்டியவாறு எடுத்துச் செல்லத்தக்க வெறுந்தட்டுமுட்டுப் பொருள் அன்றென்றும், அதற்குந் தன் விருப்பம் உண்டெனக் கொண்டு நடத்தல் வேண்டுமென்றும், வழக்கிற் பற்றில்லாத ஒருவர் அதன்பொருட்டு முன்னிற்றல் வேண்டுமென்றும் ஷா பிரபு தீர்ப்பளித்தார்.

பத்தூர்க் கோயில் சார்பில் வாதித்தோர் இக்கொள்கையினையே பற்றிநின்றனர். இந்து சமயச் சட்டம் யாது கூறுமென்பதில் அறிஞர் மாறுபட்டனர். அயல்நாட்டுச் சட்டம் ஆங்கில நீதிமன்றத்தில் வாதிக்கப்படும்போது சான்றுகொண்டு நிறுவற்பாலதாகிய ஒரு செய்தியேயாம். நீதிபதி தாமே நூல்களைத் தேடித் துணிதல் முறையன்று. ஆகவே எவ்வறிஞர் கூற்று வலியுடைத்தென்று ஆய்ந்தே கென்னடி முடிவுசெய்தார். 1988 பிப்ரவரியில் அவரளித்த தீர்ப்பின் சாரம் வருமாறு: பன்னிரண்டாம் நூற்றாண்டில் நிலமளித்துக் கோயிலெடுத்த பெருமகன் உள்ளத்து எழுந்த பத்திக்கருத்து இன்னும் அழியாது நிற்கின்றது, அவ்விடத்தே கண்டெடுக்கப்பெற்று மீண்டும் வழிபடப்படும் சிவலிங்கம் அக்கருத்தின் உருவாக விளங்குகின்றது, ஆதலின் திருமேனி கோயிற்கு உரியது.

கழகத்தார் மேன்முறையீடு செய்தனர். பர்ச்சஸ், நோர்ஸ், லெகட் என்னும் நீதிபதிகள் மூவர் 1991 பிப்ரவரியில் அதனைத் தள்ளினர். தன் நாட்டுச் சட்டத்தால் ஆளாகக் கொள்ளப்பட்ட ஒன்றனை அயல்நாட்டு நீதிமன்றமும் நாட்டிடை நன்மதிப்புக் கருதி ஏற்றல் முறையென்றும், அங்ஙனங் கொள்ளப்பட்ட கோயில் தன் தக்கார் வாயிலாக வழக்கிடலாமென்றும், கண்டெடுத்தவர்க்கு இல்லாத உரிமை அவர்வழிப் பெற்றார் எவர்க்கும் வாராதென்றும் அவர்கள் துணிந்தனர். கோயிலின் உரிமையே வழக்கினைத் தீர்த்தற்குப் போதுமாகலின், சிவலிங்கம் தனியே வாதியாகுமோ என்னும் வினாவினை அவர்கள் தீர்க்காது விட்டனர். அவ்வாண்டே திருமேனி தமிழகம் மீண்டது.

இத்துணையும் வரலாறு. இனி இதனாற் சிந்திக்கற்பாலன மூன்று.

முதலாவது, பாழான கோயிலும் கோயிலே என்பது. பூசையொழிந்து சுவரிடிந்த இடத்திற்கு உரிமை ஏது என்பதே எதிர்த்திறத்தார்க்கு வலிய வாதம். அறத்திற்கென ஒருகாற் கொடுக்கப்பட்டது என்றும் அறத்திற்கே உரித்தென்னும் கொள்கை அவ்வாதத்தை வீழ்த்தியது. கலகக் காலங்களில் நம்முன்னோர் திருமேனிகளை மண்ணுட் புதைத்து வைத்தது, கைவிடுதற்கன்று, காத்தற்கே. 1987இல் எசாலத்துக் கோயிற்பால் செப்புத்திருமேனிகளும் இராசேந்திர சோழன் செப்பேடுகளும் ஒருங்கே மண்ணிலிருந்து வெளிப்பட்டமை இதற்கு நற்சான்று. புதைத்தவர் மீண்டு வரவில்லை. எனினும் அவர் கருத்து மாறியதென்று சொல்வார் யார்?

இரண்டாவது, இறைவன் பொருளை இறைவன் பெயரால் ஆளும் முறையினைத் தமிழர் பிறரிடமிருந்து கற்கவில்லை என்பது. சோழர் காலத்துச் சிவாலயக் கல்வெட்டுக்களை நோக்குக. நிலங்கொள்ளுதலும், விற்றலும், பொன் வட்டிக்கு ஈதலும் ஆதிசண்டேசுவரர் பெயராலேயே நிகழ்ந்தன. உடையவன் இறைவன், அவன்பொருட்டு ஓலை கொடுப்பவரும் கொள்பவரும் அவன் முதல் தொண்டராகிய சண்டேசர். அரசனும் ஊரவையும் இம்முறையை ஏற்றுநடந்தனர். திருமஞ்சனப்பாற்குடத்தைக் காலால் இடறிய தந்தையையும் பொறாத விசாரசருமரே சிவன் சொத்துக்குக் காவலராயினார் என்பதன்கண் அமைந்த பொருட்பொருத்தம் பெரிது. இற்றைச் சட்டம் தக்கார் என்றும் முன்னிற்பவர் என்றும் கூறும் பதவிகள் யாவும் அச்சண்டேசர் பதவியின் சாயலேயாம்.

மூன்றாவது, சட்டமுறை ஆள் வேறு, சிவபரம்பொருள் வேறு என்பது. இதனைத் தெளியாதார், சிவபெருமான் உளனென்று இலண்டன் நீதிமன்றம் தீர்ப்பளித்ததென மகிழ்வர். பிறர், இறைவனைச் சிறுவனாக்கிக் காப்பாளர் வைத்தல் இழிவென வருந்துவர். இரண்டும் பொருந்தா. நீதிமன்றம் ஆராய்ந்தது கொடையாளன் கருத்தினையேயன்றிக் கடவுளியல்பினை அன்று. 1969இல் இந்திய உச்சநீதிமன்றமும் வருமானவரி பற்றிய வழக்கொன்றில், சட்டம் ஆளெனக் கொள்வது கல்லையும் செம்பையும் அன்றென்றும், படிமத்தால் உணர்த்தப்படும் அறக்குறிக்கோளையே என்றும் விளக்கிற்று. சித்தாந்தத்துக்கு இது முரணன்று. முதல்வன் எல்லாவற்றையும் உடையவனாகலின் அவனுக்கெனத் தனியுடைமை வேண்டுவதில்லை. அருவமும் உருவமும் அருவுருவமுமாய் அவன் கொள்ளுந் திருமேனிகள் யாவும் உயிர்களின்மாட்டு வைத்த கருணையாற் கொள்வன. சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் திருக்கோயிலைச் சிவனாகவே கண்டு வழிபடுமாறு சீவன்முத்தர்க்கு விதிப்பதும் உயிர்களின் உய்தி குறித்தே. ஆகவே கோயிலுக்கு உடைமை எழுதி வைத்தது அவன் குறைதீர்த்தற்கன்று. நம் வழிபாடு இடையறாது நடத்தற்பொருட்டே.

இன்னுமொரு நுட்பம் உண்டு. அவ்வழக்கிற் கேட்டுநின்றது அருவுருவமாகிய சிவலிங்கம். கேட்கப்பட்டது உருவமாகிய கூத்தன் திருமேனி. சட்டத்தின் நோக்கில் ஒன்று உடையது, மற்றொன்று உடைமை. சைவர்க்கோ இரண்டும் ஒருவனே. ஆயினும் மூலலிங்கத்தினின்றும் விழாத்திருமேனிக்கு ஆவாகனஞ் செய்து எழுந்தருள்விக்கும் ஆகம முறையினை நோக்குவார்க்கு, மூலத்திருமேனியே முதலாக வைத்து ஏனைத் திருமேனிகளை அதன்வழிக் கண்ட நீதிபதியின் துணிபு முற்றும் அயன்மையுடையதாகத் தோன்றாது.

இங்ஙனமாகலின், பருவமெய்தாதவனுக்கு ஒப்பிட்ட சட்டவுவமை இறைவனைக் குறைத்ததன்று. காக்கவேண்டியவர் கடமையினை மிகுத்ததே அதன் பயன். சிறுவன் பொருளைக் காப்பவன் தன்பொருளைக் காப்பதினும் விழிப்புடையனாதல் வேண்டும். அவன் சோர்ந்தால் உறவினர் எவரும் முறையிடலாம். கோயிற்பொறுப்பாளர் தம் கடமை தவறியவழி, வழிபடுவோர் ஒருவரே தெய்வத்தின்பொருட்டு வழக்கிடலாமென்று உச்சநீதிமன்றம் 1967இல் தீர்ப்பளித்துள்ளது. ஆதலால், 'யாம் என் செய்வோம், அதிகாரிகள் உளர்' என்று சைவர் எவரும் வாளாவிருத்தற்கு இடமில்லை. சண்டேசர் பதவி ஒருவகையில் அடியார் எல்லார்க்கும் உரியதாயிற்று.

பத்தூரில் திருமேனி களவு போனது 1976இல். ஆயின் அக்களவுக்கு வழி திறந்தது அதற்குப் பன்னாள் முன்னரே, விளக்கெரியாது ஒழிந்த நாளில். பூசை நடக்குங் கோயிலில் திருமேனியை நாள்தோறும் பார்க்குங் கண்கள் பல. அக்கண்களே அயலார் காட்சியென்னுஞ் சான்று. அவை இல்லாதபோது மண்ணையும் கறையானையும் சான்றாகத் தேடவேண்டியதாயிற்று. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழித் தக்கார் ஒருவர் அமர்த்தப்பட்டிராவிடின், மன்றத்திற் கோயிலின் வாயாக நிற்பார் யாவர்?

நீதிமன்றம் திருமேனியைத் தரும், வழிபாட்டைத் தராது. மீட்கப்பட்ட திருமேனிகள் பல களவச்சங் கருதித் திருவாரூர் முதலிய இடங்களிலுள்ள காப்பகங்களிலேயே வைக்கப்பெற்றிருக்கின்றன. அங்கு அவை கள்வர்க்குத் தப்பின. அடியார் மலருக்கும் நீருக்கும் எட்டாவாயின. ஒவ்வோர் ஊரிலும் பாழ்பட்ட கோயிலைப் புதுக்கி, ஒருகாலப் பூசையேனும் நிலைபெறுத்தி, உள்ள திருமேனிகளுக்கு ஒளிப்படமும் அளவும் கூடிய பட்டோலை எழுதி வைப்பாராயின், ஆட்சி, ஆவணம், காட்சி மூன்றும் கோயிலின் பக்கமே நிற்கும். வெண்ணெய்நல்லூர் அவையத்தார் வழக்கில் வென்ற முதியவரை நோக்கி, நும் இல்லம் யாண்டுளது காட்டுக என்றனர். அவர் திருவருட்டுறையைக் காட்டிப் புக்கார். இலண்டனில் வழக்கு வென்று மீண்ட பெருமானையும் அவ்வாறு வினவின், காட்டுதற்கு விளக்கெரியும் திருக்கோயிலொன்றை ஆயத்தமாக வைத்தல் சைவர் கடன்.